கூட்டத்துக்குப் போனால் பேர் உண்டா?

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு மனநலக் கிளினிக் என்பது முதலில் ஒரு கணக்கு. பதுளைக்குப் போய்வந்தால் நோயாளிக்கும் அன்று பேர் இல்லை, துணைக்குப் போனவருக்கும் இல்லை. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் ஒருநாள் சம்பளத்தைத்தான் தோட்டத்தில் பேர் என்பார்கள். மாத்திரை இலவசம், அதை வாங்கப் போகும் நாள் இலவசமல்ல. கொழும்பில் கொள்கை எழுதும் மேசைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோக வேண்டியவர் யார்?

இலங்கையில் மனநோயாளர் பற்றிய சட்டம் 1873இல், கோப்பிக் காலத்தில் வந்தது. பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம் என்பதே அப்போது அதன் பெயர். 1956இல் பெயர் நாகரிகமானது, குணம் அவ்வளவாக மாறவில்லை. ஒருவரை மாவட்ட நீதிமன்றத்தின் வழியாக எப்படி அடைப்பது என்பதே அதன் பெருங்கவலை. 2005இல் அமைச்சரவை ஏற்ற மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடை மனநல மருத்துவமனையிலிருந்து மாவட்டங்களுக்கு நகர்த்த முனைந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. உரியவர்களைக் கலந்தே கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது அதன் 4ஆம் உறுப்புரை. ஆகவே கேட்க வேண்டுமா என்பது தீர்ந்த வழக்கு. யாரைக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

“நோயாளரும் குடும்பத்தினரும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டடி லயத்து அறையொன்றை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் தூங்காமல் நடக்கும் மகன், விடிந்தால் கூடையோடு மலையேற வேண்டிய தாய். கோடாங்கி பார்த்தாயிற்று, நேர்த்தி வைத்தாயிற்று. “இவன எங்கயாவது சேத்துக்கிடுங்க” என்பாள் அவள். “என்னைக் கட்டாதீங்க. மாத்திரை போட்டா கை நடுங்குது, கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியல” என்பான் அவன். இருவர் சொல்வதிலும் பொய்யில்லை. தாயை மட்டும் கேட்டால் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் கூடும். மகனை மட்டும் கேட்டால் தாயின் தூக்கத்தை யாரும் எண்ண மாட்டார்கள்.

குடும்பத்தின் குரல் மட்டுமே கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி இராமநாதபுரத்து ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுப்போன உறவினர்களைக் கொடியவர்கள் என்றுவிட முடியாது. குணமாகும் என்ற நம்பிக்கையும் வேறு வழியின்மையும் சேர்ந்து விட்டுப்போகச் செய்தன. ஆனாலும் அந்தச் சங்கிலிக்கு இசைந்தது குடும்பத்தின் வாய், கட்டுண்டவரின் வாயல்ல. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மத்திய, மாநில ஆணையங்களில் நோயை அனுபவித்தவர்களுக்கு இரண்டு இடமும் பராமரிப்போருக்கு இரண்டு இடமும் தனித்தனியே ஒதுக்கியது. நாற்காலிகளைப் பிரித்துப் போட்டதே அதில் மெச்சத்தக்கது.

நோய் முற்றியவரால் எதைத் தீர்மானிக்க முடியும் என்று மருத்துவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, பாதி அளவுக்கு. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு பொழுதும் நோயிலேயே இருப்பதில்லை. கொள்கையும் ஓரிரவில் எழுதப்படுவதில்லை. தவிர, கயிறு எங்கே அறுத்தது என்பதைச் சொல்ல எந்தத் தெளிவும் தேவையில்லை.

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கசப்பும் உண்டு. இந்த மக்களுக்காகப் பேசியவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை: கங்காணி பேசினார், துரை பேசினார், பிறகு சங்கத் தலைவர் பேசினார். நாட்சம்பளமே பல்லாண்டுகள் கூட்டு ஒப்பந்தமாகக் கொழும்பில் கையெழுத்தானது. மனநலத்திலும் சிங்களமோ ஆங்கிலமோ சரளமாக வரும் ஓர் அலுவலரைப் பதுளையிலிருந்து அழைத்து, தோட்டத்து நோயாளரின் குரல் என்று பதிவேட்டில் எழுதினால், கங்காணி முறைக்கு இன்னொரு பெயர் வைத்ததாகத்தான் ஆகும். அப்படியொரு கூட்டத்தை விடக் கூட்டமே நடத்தாதிருப்பது நேர்மை.

ஊவாவில் உண்மையாகக் கேட்க விரும்புகிறவர்கள் பெரகலைக்கோ கொஸ்லந்தைக்கோ வரட்டும். பேச்சு தமிழில் நடக்கட்டும். தாயை ஓர் அறையிலும் மகனை மறு அறையிலும் கேட்கட்டும். வந்த இருவருக்கும் அன்றைய பேரைப் போட்டுவிடட்டும்.