நலம் என்பது யாருடைய நலம்? – குடுவைச் செடியை முன்வைத்து ஓர் அறவியல் விசாரணை

பிறர் எமக்கு எதைச் செய்யவேண்டும் என நாம் விரும்புகின்றோமோ அதையே நாமும் பிறர்க்குச் செய்தல் வேண்டும் என்னும் விதி ஏறத்தாழ எல்லாச் சமயங்களிலும் ஏதோவொரு வடிவிற் காணப்படுவது. அறவியல் கற்போர் இவ்விதியின் குறைபாடுகளை ஆராயும்போது மனிதரிடையே எழும் சிக்கல்களையே பெரும்பாலும் உதாரணமாகக் கொள்வர். ஆயினும், இவ்விதி எவ்வளவு விரைவில் முறிந்துவிடும் என்பதைக் காண்பதற்கு ஒரு பூச்சாடி போதும். அதில் வளர்வது குடுவைச் செடியாக இருத்தல் வேண்டும், அவ்வளவே.

நெப்பந்தெஸ் எனப்படும் குடுவைச் செடிச் சாதியில் இலங்கைக்கே உரிய இனம் ஒன்றுண்டு. சிங்களத்திற் பாந்துரா என வழங்கும் அது, தென்மேற்கின் ஈரவலயத்திலே, சிங்கராஜக் காடு போன்ற இடங்களில் ஏறிப் படர்வது. இலையின் நடுநரம்பு நுனி கடந்து நீண்டு, கொடிபோல் வளைந்து, முடிவில் மூடியுள்ள ஒரு குடுவையாகத் திரள்கின்றது. வழுக்கும் விளிம்பிலிருந்து தவறி வீழும் எறும்பும் பூச்சியும் உள்ளிருக்கும் நீரில் அமிழ்ந்து நொதியங்களாற் சமிபாடு அடைகின்றன. ஜோசப் ஹூக்கர் 1874 ஆம் ஆண்டில் முட்டை வெண்கருவையும் இறைச்சியையும் குடுவையுள் இட்டு இதனை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டிலே டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் வெளிவந்தது. இவர்களுக்கு முன்னரே, 1737 இல், லினேயஸ் இச்சாதிக்குப் பெயரிட்டிருந்தார். ஹோமரின் காவியத்தில் ஹெலன் மதுவிற் கலந்து கொடுத்த, துயர் மறப்பிக்கும் மருந்தின் பெயர் அது. இச்செடியை வீட்டில் வளர்ப்போருக்கு அப்பெயர் சற்றுக் கேலியாகவே தோன்றக்கூடும்.

இச்செடி பூச்சியை நாடுவதற்குக் காரணம் மண்ணின் வறுமை. நைதரசன் அரிதான நிலத்திலே வாழப் பழகிய அதன் வேர்கள் மெல்லியவை. ஏனைய பயிர்க்கு உணவாகும் வளம் இவ்வேர்களுக்கு ஏறத்தாழ நஞ்சாகும். இனி, அன்பு மிக்க ஒருவர் இச்செடியைப் பெற்று யாழ்ப்பாணத்து முற்றமொன்றில் வளர்க்கின்றார் எனக் கொள்வோம். தோட்டத்திற் கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்வதையே இதற்கும் செய்கின்றார். ஆட்டெரு இட்ட மண், நாள் தவறாமற் கிணற்று நீர். குடாநாட்டுக் கிணற்று நீரோ சுண்ணக்கற் படையில் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியமும் பிற உப்புக்களும் சாடியிற் படிப்படியாகச் சேர்கின்றன. இலையோரம் கபில நிறமாகிக் கருகுகின்றது. கருகுவதைக் கண்டவர் மேலும் நீர் வார்க்கின்றார். மேலும் பசளை இடுகின்றார். வேர் அழுகுகின்றது. செடி மாண்டது புறக்கணிப்பினால் அன்று, உபசாரத்தினால்.

இவர்மீது குற்றம் உண்டா? நல்ல சித்தம் ஒன்றே நிபந்தனையின்றி நல்லது என்பது கான்ற்றின் நிலைப்பாடு. இச்சித்தம் எண்ணியதை நிறைவேற்றத் தவறினும் அதன் பெறுமதி குன்றாது என்பர். எனினும், கான்ற் வெறும் விருப்பத்தை நல்ல சித்தமாகக் கொண்டாரல்லர். எம் ஆற்றலுக்கு உட்பட்ட வழிகள் அனைத்தையும் தேடி முயல்வதையும் அதனுள் அடக்கினார். இம்முயற்சியின் முதற்படி, எதிரே உள்ளது எத்தகையது என அறிதலன்றோ? எமது செடிவளர்ப்பாளர் செடியைப் பார்த்தார். ஆனால் தமது கத்தரிக்காய்த் தோட்டத்தையே கண்டார். குற்றம் உண்டாயின் அது இவ்விடத்திலேயே உண்டு, பசளையில் அன்று.

அவ்வாறாயின் தாவரவியல் கற்றவர்க்கு மட்டுமே அன்பு செய்யும் உரிமை உண்டா எனச் சிலர் வினவலாம். வேண்டுவது பட்டமன்று, கவனமே. பழைய குடுவைகள் வாயிலிருந்து கீழ்நோக்கிக் காய்வது முதுமை. அடியிலைகள் மஞ்சளாவதும் பெரும்பாலும் அதுவே. புதிய இலைகள் ஒழுங்காக விரிந்துகொண்டிருக்குமாயின் கலங்க வேண்டியதில்லை. நுனிக்குருத்து கறுப்பதோ வேறு செய்தி. கொடி நீண்டும் நுனி வீங்காது வற்றிப்போகுமாயின் காற்றின் ஈரப்பதனையும் ஒளியையும் முதலில் நோக்கவேண்டும். இடம் மாற்றிய செடி சில கிழமைகளுக்குக் குடுவைகளை இழப்பது வழமை. மழைநீர், நன்கு அலசி உப்பு நீக்கிய தும்பு, கரித்துண்டு, வடிகால் என்பவற்றுக்கு அப்பால் இது வேண்டுவது சிறிது. இங்கும் பொதுவிதி ஏமாற்றும்: அமெரிக்கச் சதுப்புக்குரிய சரசீனியா என்னும் குடுவைச் செடியை நீர்த்தட்டிலே நிறுத்தி வைப்பர், அதே யோசனையை நெப்பந்தெஸுக்குக் கைக்கொண்டால் வேர் அழுகும்.

பதற்றமே பெரும் இடர் எனத் தோன்றுகின்றது. ஒரே நாளில் நீரையும் மண்ணையும் இடத்தையும் மாற்றுபவர், செடி தேறினாலும் எதனால் தேறியது என அறியார். ஒன்றை மாற்றிவிட்டு அடுத்த இலை விரியும்வரை காத்திருப்பது எதுவும் செய்யாதிருப்பது போலத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டிருத்தலும் ஒரு செயலாகக் கணிக்கப்படுவது எமது அறநூல்களில் மிக அரிது.

இனிக் கடினமான ஒரு வினா. வேர்க்கு நைதரசன் தாராளமாகக் கிடைக்கும் செடி, தப்பிப் பிழைக்குமாயின், பச்சைப்பசேலென இலைவிட்டுக் குடுவைகளைக் குறைத்துக்கொள்வதுண்டு. குடுவை செலவு மிக்க உறுப்பு; தேவை குன்றியபோது அதனை ஆக்குவதை அது குறைக்கின்றது. உரிமையாளரோ ‘செடிக்கு ஏதோ நோய்’ என்கிறார். உண்மையில் நோயுற்றிருப்பது அவரது எதிர்பார்ப்பு. நல்லதும் ஆரோக்கியமானதும் மனிதருக்கு வேறு, மீனுக்கு வேறு என்று அரிஸ்ரோட்டில் கூறினார். குடுவை ஆக்குவதே இச்செடியின் சிறப்பியல்பு, ஆதலால் குடுவையின்றி அதற்கு நலமில்லை என அவர் வழிநிற்போர் வாதிக்கலாம். ஆனால் இச்சாதியே இவ்வாதத்துக்கு இடங்கொடுப்பதில்லை. இதன் இனங்களுள் ஒன்று உதிரும் சருகிலிருந்தும் உணவு பெறுகின்றது. போர்ணியோ மலையிலுள்ள மற்றொன்று மர மூஞ்சூறின் எச்சத்தைக் குடுவையில் ஏற்று வாழ்கின்றது. வறுமைக்கு அது கண்ட வழிகள் பல. அவற்றுள் எமக்கு வியப்பளிக்கும் ஒன்றையே அதன் சாரமெனக் கொள்வது எவ்வாறு? உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு பிள்ளையின் சுகத்தை அளக்கும் பெற்றோரை இங்கு நினைவுகூர்வது மிகையன்று.

சைவ உணவு கொள்ளும் வீடுகளில் வேறொரு தயக்கமும் எழும். எறும்பைப் பிடித்துக் குடுவையுள் இடலாமா? செடி தானே பிடிப்பதும் நாம் பிடித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதே எனது எண்ணம். திறந்த விறாந்தையில் வைத்த செடிக்கு ஊட்டவேண்டிய அவசியமில்லை. எமது பொறுமையின்மைக்காக ஓர் உயிரைக் கொல்ல நியாயம் காண்பது அரிது. (இறைச்சித் துண்டு இடுவோரும் உளர், அது பெரும்பாலும் குடுவையை அழுகச் செய்வதோடு முடியும்.) ஆனால் பூச்சி நுழையாத கண்ணாடிப் பெட்டியிலே செடியை அடைத்தவருக்கு இத்தூய்மை எளிதன்று, அதன் பசியை உண்டாக்கியவர் அவரே.

கூர்ந்து நோக்கின், இதுவரை கூறிய நோய்களுட் பெரும்பாலானவை இடப்பெயர்வின் நோய்கள். 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜக் காட்டிலே பாந்துராவுக்கு வைத்தியர் எவரும் இல்லை. அங்கிருந்து பிடுங்கி வருவது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, பிடுங்கியவர் பின்னர் செய்யும் பராமரிப்பைக் கருணை எனக் கூறுவது சொற்பிழையாகும், அது கடன். நாற்றுமேடையில் வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கப்பட்ட செடியை வாங்கியவருக்கும் கடன் உண்டு; ஆனால் களவு இல்லை.

இக்கடன் எப்போது தீர்கின்றது? இலை யாவும் உதிர்ந்த செடியை எறிவதற்கு முன் தண்டின் அடியை நகத்தாற் சிறிது சுரண்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளே பச்சை தென்படின் மேற்பகுதியை வெட்டிவிட்டு நிழலில் ஈரம் காத்து வைக்கலாம். அடியிலிருந்து தளிர் வர மாதங்கள் செல்லலாம்; வராமலும் போகலாம்.