உடம்பு வைத்திருக்கும் காவல்

தவக்காலம் வந்தால் தென்கேரளத்தின் வெள்ளறடைக்கு மேலே நிற்கும் தெற்கன் குரிசுமலையில் சிலுவையோடு கூட்டம் ஏறும். திருவனந்தபுரத்தாரும் குமரி மாவட்டத்தாரும் கலந்த கூட்டம். நாற்பது நாளும் குடியைத் தொடாதவர்கள் அதில் உண்டு. பாறையோரம் இளைப்பாறும்போது அவர்களில் ஒருவர் பீடி பற்றவைக்கலாம். "குடியைத்தானே விட்டேன், இது வெறும் புகைதானே" என்று அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

வெறும் புகைதானா?

1955இல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, கதிர்வீச்சால் அவற்றின் உடம்பைக் குலையவைத்தார். பிறகு அந்த இனிப்பையே எலிகள் ஒதுக்கின. பின்னாளில் ஆல்கஹாலை வைத்தும் இப்படிச் சோதித்தார்கள். எலி இனிப்பு நீரைக் குடிக்கும். சற்று நேரத்தில் அதன் வயிற்றில் ஆல்கஹால் ஊசி போடுவார்கள். அடுத்த முறை அதே நீரை வைத்தால், முன்போல ஆசையாகக் குடிக்காது. யாரும் அதட்டவில்லை, உபதேசிக்கவில்லை. நஞ்சை நஞ்சென்று அறியும் காவல் ஒன்றை உயிரோடு சேர்த்தே வைத்திருக்கிறான் படைத்தவன்.

ஆல்கஹாலுக்கு முன்பே, பீடியில் இருக்கும் நிக்கோட்டினைக் கொடுத்துவிட்டால்? எலிகளிடம் அந்த வெறுப்பு மங்கிப்போகிறது. ஆல்கஹால் மாறவில்லை, அது தந்த பாடம்தான் மனதில் நிற்கவில்லை. எலி வேறு, மனிதன் வேறு என்பது சரிதான். ஆனாலும் புகையும் குடியும் ஒரே கையில் சேர்ந்திருப்பதை ஊரெல்லாம் பார்க்கிறோமே.

குரிசுமலை இருக்கும் இதே நெய்யாற்றங்கரை வட்டாரத்தில், அருவிப்புரத்தில், 1888இல் சிவலிங்கம் நிறுவியவர் ஸ்ரீ நாராயண குரு. கள் இறக்குவதைப் பரம்பரைத் தொழில்களில் ஒன்றாகக் கொண்டிருந்த ஈழவ சமூகத்தில் பிறந்தவர் அவர். ஆனால் மதுவை நஞ்சு என்றார். அதை உண்டாக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்றார். அவர் அடைக்கச் சொன்னவை வெளிவாசல்கள். எலிகள் காட்டித் தருவது உள்வாசல்.

ஒரு தீமையை வீராப்பாக எதிர்த்து நிற்கும்போதே, அதன் கூட்டாளியைச் சின்னதுதானே என்று உள்ளே விட்டுவிடுகிறோம். வந்தவன் சண்டை போடுவதில்லை. காவலைத் தூங்கவைப்பதோடு அவன் வேலை முடிந்தது. மனசாட்சிக்கும் இந்தக் கதிதான். சிறு பொய்க்குப் பழகிய நாக்கு பெரிய பொய்யைச் சொல்லும்போது கூசுவதில்லை. வேண்டாம் என்று உள்ளிருந்து எழும் குரல் வரம். அதைக் கேட்கும் செவியை மழுங்காமல் வைத்திருப்பதே தவம்.

தவக்காலமோ, மாலை போட்ட மண்டலமோ, நோன்போ, எதுவானாலும் சரி. குடியை விடுவதாக நேர்ந்துகொள்பவர்கள் பீடியையும் சேர்த்தே விடுங்கள். நெடுநாள் குடித்த உடம்பாக இருந்தால், முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.