பந்து வராத பொழுது

தன் தொழிலில் முதிர்ச்சி எய்திய ஒருவனை அதன் முதல் ஸ்தானத்தினின்றும் விலகி நிற்கும்படி காலம் பணிக்குமாயின், அவனுடையது என்று சொல்ல எஞ்சி நிற்பது யாது என்ற கேள்வி வேதாந்த விசாரம் செய்வோருக்கு மட்டும் உரியதன்று. வியர்வை சிந்தி ஓடும் விளையாட்டு மைதானத்திலும் அது எழுகிறது. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக 1998 முதல் பதினான்கு பருவங்கள் ஆடிய ஹைன்ஸ் வார்டின் கடைசி ஆண்டை நினைக்குந்தோறும் இக்கேள்வி என் மனத்தைப் பற்றிக்கொள்கிறது.

சியோல் நகரில் கொரியத் தாய்க்கும் கறுப்பின அமெரிக்கப் போர்வீரருக்கும் பிறந்து, பல வேலைகள் செய்து தம்மை ஆளாக்கிய அன்னையின் உழைப்பை ஜார்ஜியா மாநிலத்தில் அன்றாடம் கண்டு வளர்ந்தவர் அவர். எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவராக விளங்கி, 2006 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற கீர்த்தியையும் பெற்றார். ஆனால் 2011-ஆம் ஆண்டுப் பருவத்தில், மைக் வாலஸ், அன்டோனியோ பிரவுன் என்னும் இளைஞர் இருவர் பந்து பிடித்து ஆளுக்கு ஆயிரம் கெஜத்துக்கு மேல் முன்னேற, முப்பத்தைந்து வயதான வார்டுக்கு வாய்த்தவை 46 பிடிகளும் 381 கெஜங்களுமே.

பந்து தம்மிடம் வராதபோது அவர் செய்ததைக் காண வேண்டுமானால், பந்தைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பல்லாயிரம் கண்கள் பந்தின் பின்னே ஓடும் அந்தக் கணத்தில், அவர் தோளைத் தாழ்த்தித் தம்மினும் பருத்த எதிராளியின்மேல் மோதி அவனை மறித்து நிற்பார். திறந்த வழியில் தோழன் ஓடுவான். ஆட்டக் கணக்கேட்டில் ஓடியவனுக்குக் கெஜம் எழுதப்படும். வழி திறந்தவனுக்கு ஒன்றும் எழுதப்படாது. புகழின் உச்சியிலேயே இப்பணியைப் பழகியிருந்தமையால், பந்து அவரை விட்டு அகன்ற காலத்திலும் அவருக்கென ஒரு தர்மம் மிஞ்சியிருந்தது.

இதைக் கூறும்போது ஒரு துயரத்தையும் மறைத்தல் தகாது. 2008-இல் அவர் அவ்வாறு மோதியதில் எதிரணி வீரர் ஒருவரின் தாடை எலும்பு முறிந்தது. பார்வைக்கு அப்பாலிருந்து தலையில் தாக்கும் அத்தகைய மோதல்களை அடுத்த ஆண்டே விதி தடை செய்தது. தோழனுக்காகச் செய்த காரியமும் பிறன் உடலை வருத்தக்கூடும். ஆதலால், பலனைத் துறந்துவிட்டேன் என்பவன் பொறுப்பையும் துறந்துவிட்டதாக எண்ணுதல் கூடாது. நிஷ்காமிய கர்மத்தைப் போற்றுவோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2012 ஜனவரி முதல் நாள், கிளீவ்லாந்தில், அவர் தம் ஆயிரமாவது பிடியை எட்டினார். அதுவரை எழுவரே எட்டியிருந்த எண்ணிக்கை அது. ஆயினும் அந்தப் பிடி எத்தகையது? அருகில் நின்ற அவரிடம் பந்து மெல்லத் தள்ளிவிடப்பட்டது. அவர் பற்றிய மாத்திரத்தில் எதிராளிகள் சூழ்ந்துகொள்ள, அணி மூன்று கெஜம் பின்னடைந்தது. அடுத்த வாரம் அணி தோற்றுப் பட்டப் போட்டியிலிருந்து வெளியேறியது. சில வாரங்களில் அவரும் ஓய்வு பெற்றார். ஆயிரம் என்ற எண் அப்படியே நின்றுவிட்டது.

அணியைப் பின்னுக்கு இழுத்த அந்தப் பிடி ஏட்டில் இடம்பெற்றது. அணியை முன்னே செலுத்திய எத்தனையோ மறிப்புகள் இடம்பெறவில்லை. இதனால் ஏட்டை நான் பழிக்கவில்லை; எண்ணத் தக்கதை எண்ணுவதே அதன் வேலை. அந்த எண்ணிக்கையை விரும்பியதற்காக அவரையும் குறை கூறேன். ஆசை அறவே அற்றவர் எத்தனை பேர்? ஆனால் கணக்கு வேறு, கர்மம் வேறு என்பதை அந்த மூன்று கெஜம் எனக்கு உணர்த்தியது. முதுமை ஒருவனிடமிருந்து கணக்கைப் பறிக்கலாம். செய்யும் கை ஓயும்வரை கர்மத்தைப் பறிக்க இயலாது. ஜார்ஜியாவில் மகனை ஆளாக்கிய அந்தத் தாய் உழைத்த நாட்களை எவரும் எண்ணி வைக்கவில்லை. அருகிருந்து கண்ட சிறுவன் ஒருவன்தான் அவற்றுக்குச் சாட்சி.