இயந்திரமும் உயிரின் சார்பும்

இயந்திர வாழ்வைக் கண்டித்தெழுந்த நூல்களைச் சைவ நன்மக்கள் எவ்வாறு ஓதிக் கொள்ளற்பாலர் என்பதனை ஈண்டு ஆராய்வாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலையும் சூழ வாழும் எம்மனோர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. கைப்பேசியோ மடத்தினுள்ளும் திருக்கோயிலினுள்ளும் புகுந்துவிட்டது.

அத்தகு நூல்களுள் ஒன்று, காந்தியடிகள் 1909ஆம் ஆண்டு இலண்டனினின்று தென்னாப்பிரிக்கா மீளும்போது கப்பலிலே குசராத்தியில் வரைந்த 'இந்திய சுயராச்சியம்'. இருப்புப்பாதையையும் ஆலைகளையும் அது கடிந்தது. தஞ்சையிற் பிறந்த குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளியல் பற்றிச் சிறையிலிருந்து எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. மேனாட்டறிஞர் சூமாக்கர், 1973இல் வெளியிட்ட 'சிறியதே அழகு' என்னும் நூலில் அவர் கருத்தை எடுத்தாண்டனர்.

இவற்றை ஓதுவாருள் ஒருசாரார், இயந்திரமே தீதென்பர். அது நம் கொள்கையன்று. தனு கரண புவன போகங்கள் மாயையின் காரியம். ஆணவவிருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காய் நின்று உதவுவன. விளக்கைப் பழித்தல் இருளுக்குத் துணைபோதலாம். ஆறுமுகநாவலர் 1849இல் யாழ்ப்பாணத்து அச்சியந்திரசாலை நிறுவியதன் பயனை நாம் இன்றும் நுகர்கின்றோம்.

பிறிதொரு சாரார், கருவி நன்றுமன்று தீதுமன்று, கொள்வான் கருத்தே காரணம் என்பர். இதுவும் நிரம்பாது. என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. செம்மலரை அடுத்த பளிங்கு செந்நிறமே கொள்ளும். நாளெல்லாம் ஒன்றனைச் சார்ந்திருப்பான், தான் அதனை ஆள்வதாக எண்ணிக்கொண்டே அதன் வண்ணமாகின்றான். ஒன்று முடியுமுன் மற்றொன்றற்குத் தாவும் உள்ளத்திற்குக் கேட்டலே கைகூடாது. சிந்தித்தலும் தெளிதலும் நிட்டையும் யாங்ஙனம் கூடும்?

அஃதேல், இயந்திரத்தை முற்றத் துறக்க எனின், அற்றன்று. ஆலையில் உழைத்து மனைவி மக்களைப் புரப்பானை நோக்கி அதனை விடுக எனல், பசியறியார் கூறும் அறமாம். காந்தியடிகள் தாமும் 1924இல் தையலியந்திரத்தை விலக்காகக் கொண்டு, தாம் மறுப்பது இயந்திரவெறியையே எனத் தெளிவித்தனர்.

அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில் உளது. தன் யானையின் காலைப் பிணித்த முல்லைக்கொடியைத் தொண்டைமான் வாளால் எறிந்தான்; குருதி பெருகக் கண்டு, ஆங்கே சிவலிங்கம் உண்மை உணர்ந்து, தன் கழுத்தையே அரியத் துணிந்தான்; இறைவன் தடுத்தாட்கொண்டனன் என்பது தலவரலாறு. வாளிற் குற்றமில்லை. வழிகடக்கும் விரைவிலே, வெட்டுண்பது யாதென நோக்காமையே குற்றம். குருதி கண்டு கை நிற்கும் அவ்வுணர்வையே இந்நூல்கள் நம்பால் எழுப்பவல்லன.

எனினும் நூலறிவு பாசஞானமே. எதனை விடல்வேண்டும் என இவை காட்டும். எதனைச் சார்தல்வேண்டும் எனக் காட்டா. ஒன்றை விட்ட உயிர் வேறொன்றைச் சாராது நில்லாது. ஆதலின் இவற்றைச் சித்தாந்த சாத்திரங்களோடு ஒருங்குவைத்து ஓதுக; வழிபாட்டிற்கும் ஓதற்கும் உரிய பொழுதிலேனும் கைப்பேசியை அகற்றிவைக்க. அப்பொழுது திருவடியைச் சார்தற்கே உரியது.

திருச்சிற்றம்பலம்.