தூணில் வெட்டின பேரு

புனேக்குப் பக்கத்துல, பீமா ஆத்தங்கரையில ஒரு கல்தூண் நிக்குது. 1818 ஜனவரி 1 அன்று கோரேகாவில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறு படையொன்று நாள் முழுக்க எதிர்த்து நின்றது. அதில் செத்தவர் பெயர்களை வெள்ளைக்காரன் பளிங்கில் வெட்டி வைத்தான். 'நாக்' என்று முடியும் 22 பெயர்கள் மகார்களுடையவை. ஜனவரி முதல் தேதியானால் லட்சக்கணக்கில் தலித்துகள் அங்கே போகிறார்கள்.

"அன்னியனுக்காகச் சண்டை போட்டவனைக் கும்பிடப் போறீங்களே, வெக்கமா இல்லியா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் அந்தப் பளிங்கை வாசிக்கவில்லை. அதில் மராத்தியர் பெயரும் இருக்கு, ராஜபுத்திரர் பெயரும் இருக்கு. அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பேஷ்வா பக்கமும் அரபு வீரர்கள் நின்றார்கள். பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவன் இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டி நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-ல் எழுதினார். எச்சில் துப்பக்கூட மண் கொடுக்காத ராஜ்ஜியத்தை அவன் எப்படித் தன்னுடையதென்று காப்பான்?

ஆனா நாமும் நம்மை ஏமாத்திக்கக் கூடாது. கம்பெனி சாதியை எதிர்த்துச் சண்டை போடவில்லை. மகார்கள் போனதில் வயிற்றுப்பாடும் இருந்தது. அவர்கள் பெயரை வெட்டிய அதே வெள்ளைக்காரன் 1890-களில், 'போர்க்குடி' இல்லையென்று சொல்லி மகார்களுக்குப் படையின் கதவை அடைத்தான். தூணில் பேரு இருந்துச்சு. பேரனுக்கு வேலை இல்லை.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று நமக்குள்ளேயே இருக்கு. நாம மனுசங்கதான்னு நிரூபிக்கத் துப்பாக்கி தூக்கித்தான் ஆகணுமா? வீரம்தான் அளவுகோல் என்றால், சத்திரியனை மேலே வைத்த ஏணியையே நாமும் ஒத்துக்கொண்டதாகாதா? செத்த மாட்டைச் சுமந்தவன், தெருவைக் கூட்டிய கிழவி, இன்றைக்கும் மலக்குழிக்குள் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறவன், இவங்க பேரை எந்தப் பளிங்கில் வெட்டியிருக்கு?

அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அந்தத் தூணின் முன்னால் போய் நின்றார். அதே வருடம் மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அந்தக் கையில் ஆயுதம் இல்லை. 1956-ல் புத்தரிடம் போனார். தூணில் தொடங்கினார், அங்கேயே நின்றுவிடவில்லை.

2018 ஜனவரி 1 அன்று, இருநூறாவது ஆண்டில், அங்கே போனவர்கள் மேல் கல்லெறிந்தார்கள். நாம் சும்மா பேரு வாசிப்பதைக்கூட அவர்களால் தாங்க முடியவில்லை. அதனாலேயே போகணும், ஒவ்வொரு பேரா வாசிக்கணும். கும்பிட வேண்டாம். வாசித்து முடித்து ஊர் திரும்பியதும், நம்ம சேரியில் மலக்குழியில் செத்தவன் பேரை ஒரு நோட்டிலாவது எழுதி வைப்போம்.