அச்சும் வில்லும்

அச்சிறுபாக்கத்து ஆட்சீசுவரர் கோயில் வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்தபோது, படுக்கை, அடுப்பு, அரிசிப் பானை, அன்னையாரின் மடிப்புடவை என்ற பேதமில்லாமல் உள்ளிருந்த எல்லாவற்றின் மீதும் திருநீறு படிந்திருந்தது. பூசைப் பெட்டியின் தாழ் குலுக்கலில் விடுபட்டு, சம்புடம் உருண்டு, சுவாமி படத்தின் கண்ணாடி குறுக்கே விரிசல் கண்டிருந்தது. தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் உள்ள பாடல் பெற்ற தலங்களை, ஓரிரவுக்கு ஓரூராகத் தங்கி அவசரமில்லாமல் தரிசிக்க வேண்டும் என்று எண்பது வயதில் ஆசைப்பட்ட அன்னையாருக்காக, என் தம்பி மகன் மரக்காணத்து உப்பளத்தை அடுத்த ஒரு பட்டறையில் மூன்று மாத காலம் உழைத்துத் தன் கையாலேயே செய்த சிறு வண்டிவீடு அது. காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படுவது. அன்னையார் கோபிக்கவில்லை. சிதறிய நீற்றை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, “சாமி தேருக்கே அச்சு முறிஞ்ச ஊருப்பா இது, நம்ம வண்டி எம்மாத்திரம்?” என்றார்.

அந்த ஊர்ப் பெயரே அச்சு இற்ற கதையைச் சொல்வது. திரிபுரங்களை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்குப் பூமியே தேராகவும், சூரிய சந்திரர் சக்கரங்களாகவும், வேதங்கள் குதிரைகளாகவும், பிரமன் சாரதியாகவும், மேரு வில்லாகவும் அமைந்தன என்று புராணங்கள் விரிக்கும்; மந்தர மலை அச்சாயிற்று என்பது மகாபாரதத்துக் கர்ண பருவம். இத்தனை ஏற்பாடுகளையும் செய்த தேவர்கள் விநாயகரை வணங்க மறந்தார்கள், அச்சு முறிந்தது. அருணகிரிநாதர் விநாயகரைத் துதிக்கும் திருப்புகழில் இந்தச் செயலைத்தான் வீரம் என்று போற்றுகிறார். பிறகு பிழை பொறுக்கப்பட்டு, தேர் நடந்து, அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய திருவதிகையில் முப்புரமும் எரிந்தன. ஆனால் எரித்தது அம்பன்று, இறைவனுடைய புன்னகை. தேரும் வில்லும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை என்றால், வேண்டாத ஒரு தேரின் அச்சு முறிந்ததைக் கதை ஏன் இத்தனை கவனமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்? வண்டிக்குள் சிதறிய திருநீற்றைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்த அந்த முற்பகலில் என்னைப் பற்றிக்கொண்ட கேள்வி அது. அதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்றும் உண்டு: வழியில் மேடுபள்ளம் தவிராது என்றால், துன்பம் பிறக்குமிடம் வழியா, வண்டியா, ஏறியிருப்பவனா?

எங்கள் வண்டியைப் பொறுத்தவரை விடை ஐயத்துக்கு இடமில்லாதது. திண்டிவனம் சாலையில் பழைய உதிரிப் பொருள் விற்கும் ஒருவர், ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும் சரக்கு வாகனத்திலிருந்து கழற்றிய ஏழு பட்டை வில்லும் அதற்கேற்ற அச்சும் கொடுத்து, “எதையும் தாங்கும்” என்று உறுதி சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யுமன்று. ஆயினும், எதையும் தாங்கும் வில் எதற்கும் வளையாது என்பதை நாங்கள் கருதவில்லை. பாரம் ஏறினால்தான் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி வளைந்து, சக்கரம் மேலெழும் வேகத்தைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும். தனக்குரிய சுமையில் பாதி கூட இல்லாத வில்லோ வெறும் இரும்புக் கட்டையாகவே நின்று, சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் ஒரு துளி குறையாமல் மேலே அனுப்பிவிடும். மிகவும் மெல்லிய வில்லாக இருந்தால் சட்டத்தில் வந்து மோதும் என்பது எல்லோருக்கும் தெரியும். வலிமையும் அளவு மிஞ்சினால் அதே குற்றத்தைச் செய்யும் என்பது மட்டும் ஏனோ எளிதில் புலப்படுவதில்லை. தன் வாழ்க்கைக்குப் பொருந்தாத கடுமையான விரதங்களை மேற்கொண்டு, சிறு அசௌகரியத்துக்கும் அதிர்ந்து, அருகிலிருப்போரையும் அதிரச் செய்யும் நல்லவர்களை நான் அறிவேன். அவர்களுடைய உறுதியில் குறையில்லை. அந்த உறுதியின் மேல் பிறருடைய பாரம் எதுவும் ஏறவில்லை என்பதே குறை.

நாம் நாள்தோறும் வழங்கும் சுகம் என்ற சொல் ருக் வேதத்தில் பெரும்பாலும் தேருக்கு அடைமொழியாக வருவது. ‘க’ என்றால் துளை. ‘சு’ என்றால் நல்ல. ஆகவே சக்கரத்தின் குடத்தில் அச்சு நுழையும் துளை செம்மையாக அமைந்து, தடையின்றி ஓடும் தேருக்குச் சுகம் என்று பெயர். துக்கம் என்பது பின்னாளில் அதன் எதிர்ச்சொல்லாகத் தோன்றியது என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலருடைய கருத்து. அது சரியாக இருக்குமானால், கருவேலங் குடத்தில் அச்சு உராய்ந்து கிரீச்சிடும் ஓசையையே நம் முன்னோர் துக்கம் என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். கடோபநிஷத்து உடலைத் தேர் என்றும், ஆன்மாவைத் தேரில் இருப்பவன் என்றும், புத்தியைச் சாரதி என்றும், மனத்தைக் கடிவாளம் என்றும், இந்திரியங்களைக் குதிரைகள் என்றும் வகுத்துச் சொல்லும் புகழ்பெற்ற பகுதியில் அச்சுக்கு இடமில்லை. ஓட்டுவதைப் பற்றிக் கவலைப்பட்ட ரிஷி, தாங்குவதைப் பற்றிப் பேசவில்லை. தமிழிலோ பொறை என்ற ஒரே சொல் சுமைக்கும் பொறுமைக்கும் பெயராக நிற்கிறது. பொறுத்தான் என்றால் பாரத்தைத் தாங்கினான் என்றும் ஆகும், பிழையை மன்னித்தான் என்றும் ஆகும். தத்துவத்தின் இந்தப் பக்கத்தை நாம் வண்டிக்காரர்களிடமிருந்தே கற்றிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் திரும்பியதும், முதலில் செய்திருக்க வேண்டியதை இரண்டாவதாகச் செய்தோம்: வண்டியை நிறுத்தோம். உப்பு லாரிகள் ஏறும் எடைமேடையில், நீர்த்தொட்டியும் பண்டபாத்திரங்களும் உட்பட 620 கிலோ வந்தது. இழுகம்பின் நுனியை மாத்திரம் தனியாக நிறுத்தபோது 15 கிலோவே இருந்தது. இளமையில் மாட்டு வண்டியில் உப்பு மூட்டை ஏற்றிய முதியவர் ஒருவர், எடை சொல்வதற்கு முன்பே இழுகம்பைத் தோளால் ஒருமுறை தூக்கிப் பார்த்து, “பின்பாரம் ஐயா. மாடாயிருந்தா கழுத்துக் கயிறு இறுக்கி மூச்சு முட்டியிருக்கும்” என்று சொல்லியிருந்தார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தை மேலே தூக்கிக் குரல்வளையை நெரிக்கும். மாட்டுக்குப் பதில் கார் என்றாலும் நியாயம் மாறுவதில்லை. பின்பாரமுள்ள இழுவண்டி வேகத்தில் வாலாட்டத் தொடங்கி, முன்செல்லும் காரையே பக்கவாட்டில் இழுத்துவிடும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுகம்பில் நிற்க வேண்டும். அதற்காக அச்சை 20 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினோம். நுனியில் 60 கிலோ நின்றது.

வில்லையும் மாற்றினோம். ரப்பர்த் தண்டுகளை உள்ளே திணித்த சதுரக் குழல் அச்சு ஒன்றுண்டு. மேல்நாட்டில் இத்தகைய வண்டிகளுக்கு அதையே பெரிதும் விரும்புகிறார்கள். பழுதானால் பார்ப்பதற்கு இக்கரையில் ஆளில்லாத அந்தப் பொருளை விட்டு, எந்த ஊர்ப் பட்டறையிலும் அவிழ்த்துப் பூட்டத்தக்க பட்டை வில்லையே மீண்டும் தேர்ந்தோம்: பக்கத்துக்கு நான்கு பட்டை, வில் ஒன்றுக்கு 350 கிலோ, 750 கிலோ தாங்கும் சதுர அச்சு. உப்புக் காற்றுக்கு இரும்பைத் தின்பதே தொழிலாகையால் பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் நிறைத்து, ரப்பர் வளையங்களை மாற்றினோம். மீண்டும் திண்டிவனம் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பள்ளங்கள் அப்படியே இருந்தன. சக்கரம் ஏறி இறங்கியது. வில் வளைந்து நிமிர்ந்தது. உள்ளே தம்ளரில் வைத்திருந்த நீர் தளும்பியதே தவிரச் சிந்தவில்லை.

பிராரத்த வினை அனுபவித்தே தீர வேண்டியது என்றும், ஆனால் அருளில் நிலைத்தவனுக்கு அது உயிரைத் தாக்காமல் உடலூழாய்க் கழிந்துபோகும் என்றும் சைவ சித்தாந்திகள் சொல்வதை, மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூருக்கு அண்மையிலேயே பிறந்தும், ஏட்டில் பலமுறை படித்தும், நான் கண்ணால் கண்டது அந்தத் தம்ளரில்தான். சாலையைச் செப்பனிடுவதன்று திருவருளின் காரியம். பள்ளத்துக்கும் உயிருக்கும் நடுவே வளையும் ஒன்றை வைப்பது அதன் காரியம். இதை நான் உவமை நயத்துக்காகச் சொல்லவில்லை. என் அன்னையார் இரண்டு புதல்வர்களை இழந்தவர். அவர் நெற்றிக்கு எழும்பிய அந்த விரலில் வளைந்து கொடுத்தது எது என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ஆனால் தாங்குகிற அந்த ஒன்று நம்முடையதா என்பது வேறு வினா. கிரேக்க அரசனான மிலிந்தனை நாகசேனர் மடக்கிய வாதம் பிரசித்தமானது: தேரில் வந்தேன் என்கிறாயே, அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர்? எதுவுமில்லை என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். அவ்வாறே ‘நான்’ என்பதும் ஒரு வழக்குப் பெயரே என்று முடிக்கிறார் பௌத்த முனிவர். அந்த வாதத்தை முழுவதும் ஏற்க என் மரபு இடம் தராது. எனினும் அதன் ஒரு பாதி எனக்கு உதவுகிறது: தாங்கும் ஆற்றல் ஒருவனுக்குள் மாத்திரம் இருப்பதன்று. இதற்குச் சான்று எங்கள் கரையிலேயே உண்டு. சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது அறிஞர் துணிபு. உப்பு ஏற்றிய உமணரின் வண்டித் தொடரை அந்நூலும் காட்டுகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் நெடுவழி செல்லும் உமணர், முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வது வழக்கம். புறநானூற்றில் ஔவையார் அந்தச் சேம அச்சை உவமையாக எடுத்து, அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பார்த்து, நீ அத்தகையவன் என்கிறார். மனிதனுடைய சேம அச்சு மனத்திடமென்றும் ஞானமென்றும் நாம் எதிர்பார்க்கையில், புலவர் காட்டுவது மற்றொரு மனிதனை.

இங்கே என் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. இறைவனுக்குத் தேர் வேண்டாம், தேவர்களுக்கு வேண்டியிருந்தது. புன்னகை ஒன்றால் முடியும் காரியத்தில் தங்களையும் பூட்டிக்கொள்ள அவன் அவர்களுக்கு இடம் தந்தான். இடம் பெற்றவர்களோ தங்களில் ஒருவரை மறந்துவிட்டுப் புறப்பட்டார்கள். ஒருவரை விட்டுவிட்ட பாரத்தை அந்த அச்சு தாங்கவில்லை.

அடுத்த மாதம் திருவதிகைக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், தம்பி மகன் அச்சு கோணாமல் நிற்கிறதா என்று சோதித்தான். இழுகம்பின் நுனியிலிருந்து இரண்டு சக்கரக் குடங்களுக்கும் நூல் பிடித்தால் இரண்டு நீளமும் சமமாக வரவேண்டும். இடப்பக்கம் 12 மில்லிமீட்டர் மிகுந்தது. யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, “பெரியப்பா, நூலை விட்டுடாதீங்க” என்று என்னை ஒரு நாழிகை வெயிலில் நிறுத்தி வைத்துச் சமமாக்கினான். புதிதாகப் பூட்டிய யூ போல்ட்டுகள் முதல் ஓட்டத்துக்குப் பின் சற்று நெகிழும். மறுபடி முறுக்க வேண்டும். ஆகவே திருவதிகை வீரட்டானத்து மதிலருகே அந்தி மயங்கும் வேளையில் அவன் ஸ்பானரோடு வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தான். அர்த்தசாம மணிக்கு இன்னும் நேரமிருந்தது. அன்னையார் முழங்கால் வலியையும் பாராமல் தரையில் உட்கார்ந்து, அவன் கை போன இடமெல்லாம் டார்ச் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.