யார் வீட்டுப் பிள்ளைகள்?

இரும்புலியூரில் வீடு வாங்க வருகிறவர்களிடம் தரகர் முதலில் பேசுவது நிலத்தடி நீரைப் பற்றி, அடுத்தது பள்ளிக்கூடம். ‘பக்கத்துலயே மெட்ரிக் இருக்கு, சிபிஎஸ்இ இருக்கு சார்.’ அரசுப் பள்ளியை அவர் சொல்வதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை.

வாத்தியாருக்கு முன்புபோல் மரியாதை இல்லை என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. பழைய மரியாதையில் பாதி பிரம்புக்குப் பயந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்ததில் எனக்கு மகிழ்ச்சியே. என் கவலை வேறு.

கொரோனாக் காலத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் தவித்த குடும்பங்கள் அரசுப் பள்ளிகளைத் தேடி வந்தன. தமிழ்நாடு முழுக்கச் சேர்க்கை உயர்ந்தது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவரும் மகளை அங்கே சேர்த்தார். இரவு எட்டு மணிக்கும் அந்த டீச்சர் போனில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். நிலைமை சீரானதும் வாசலில் மறுபடி தனியார் பள்ளி வேன். ஏன் என்றேன். ‘டீச்சர் தங்கமானவங்க சார். ஆனா சொந்தக்காரங்க கேட்டா கவர்ன்மென்ட் ஸ்கூல்னு சொல்ல முடியல.’

அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. பாடம் நன்றாக நடந்தது. அதை அவரே பார்த்தார். அப்படியும் மதிப்பு வரவில்லை. அங்கே படிப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை வைத்தே ஊர் ஆசிரியரையும் எடைபோடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடும், 2022இல் தொடங்கிய காலை உணவும் மிகத் தேவையானவை. ஆனால் வசதி உள்ளவர்கள் அவற்றை ‘இல்லாதவர்களுக்கான உதவி’ என்றே பார்த்து ஒதுங்குகிறார்கள்.

அரசும் அப்படித்தானோ என்று சில நேரம் தோன்றுகிறது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். பத்து ஆண்டுகள் கடந்தும், தொகை கூடியதே தவிர, அவர்கள் பகுதிநேரத்தவர்களாகவே இருந்தார்கள். அதிகாரிகளின் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்தால் இத்தனை ஆண்டு பொறுத்திருப்பார்களா? உத்தரப்பிரதேசத்தில் அரசுச் சம்பளம் வாங்குவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது இதை உணர்ந்துதான். அந்தத் தீர்ப்பு ஏட்டோடு நின்றது. கட்டாயப்படுத்திப் பிள்ளைகளைச் சேர்ப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் பிள்ளையை அனுப்பாதவருக்கும் அந்தப் பள்ளியில் அக்கறை இருக்கலாமே.

தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனதிலிருந்து எங்கள் நலச்சங்கம் குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் மனு கொடுத்து வருகிறது. வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், அதற்கும் கல்வித் துறைக்கு ஒரு மனு எழுதலாம் என்றேன். செயலாளர் நல்ல மனிதர். ‘நம்ம பிள்ளைங்க யாரும் அங்க படிக்கலையே சார்’ என்றார்.

அதனால்தான் நாம் எழுத வேண்டும் என்றேன்.